டூரிங் பைக் எடுத்தாச்சு, உப்புக்காற்றை எப்படிச் சமாளிப்பது?

கெடிலக்கரை: ஹிமாலயன் 450 எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. புதுச்சேரி தாண்டி ஈசிஆரில் மரக்காணம் வரை போனாலும் முதுகு வலி எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் கடலூர் மஞ்சக்குப்பம் சந்தில் திருப்பும்போதுதான் 196 கிலோ என்றால் என்னவென்று புரிகிறது. நான் குள்ளம், சீட் உயரம் 825 மி.மீ.; கால் நுனிதான் தரையைத் தொடும். வீடு கடலோரத் தேவனாம்பட்டினம். செயினில் அதற்குள் துருவின் செம்புள்ளி. என்ன செய்யலாம்?

நெய்தல்: நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஓட்டிவிட்டு வந்த சூட்டோடு செயின் லூப் (மசகு) அடித்தால் இடுக்கில் இறங்கும். துடைக்கப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம், செயினில் இருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) போய்விடும். கம்பி பிரஷ்ஷும் கூடாது.

பாகூரான்: தம்பி, சந்தில் முன் பிரேக்கைத் தொடாதே. அரை கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால், பார்வை போகிற பக்கம். விடியற்காலை சில்வர் பீச் ரோட்டில் கூட்டம் சேருமுன் எட்டு போட்டுப் பழகு. சீட்டை மட்டும் வெட்டிக் குறைக்காதே, திருச்சி போய்ச் சேருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

கெடிலக்கரை: எட்டு போட்டுத்தான் லைசென்ஸ் வாங்கினேன் அண்ணா, ஆனால் ஸ்கூட்டரில்! சரி, பக்கவாட்டுப் பெட்டி வாங்கலாமா?

பாகூரான்: முதலில் எடை கைக்குப் பழகட்டும். அதுவரை பின்சீட்டில் ஒரு பை கட்டினால் போதும்.