மறு: ஃபிலிம் ஓட்டும் அமைப்புக்குத் தமிழில் என்ன?

> கோத்தகிரித் தம்பி எழுதியது:
> ஃபிலிம், ஃபாயில் போன்ற மெல்லிய சுருள்களை எந்திரத்தில் ஓட்டும் அமைப்புக்குப் ‘பட்டை இழுப்பி’ என்று போட்டிருக்கிறேன். டான்சர் ரோலருக்கு ‘நடன உருளை’. சரிதானா?

தம்பி, வணக்கம்.

‘நடன உருளை’ வேண்டாமே. படிப்பவருக்குச் சலங்கைதான் கேட்கும், எந்திரம் தெரியாது. ‘இழுப்பி’யும் எனக்கு ஒப்பவில்லை. இழுக்க ஒரு மோட்டார் போதும். கிழியாமல், கீறாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இங்கே பாடு.

நம் ஊட்டி இந்துநகர் ஃபிலிம் தொழிற்சாலையில் 1967-இல் உற்பத்தி தொடங்கியது. ஃபிலிம் தயாரிப்பில் முதலில் ஓடுவது ஓரத் துளை எதுவும் இல்லாத அகலச் சுருள். ஜெலட்டின் பூச்சு ஈரமாக இருக்கும்வரை அந்தப் பக்கத்தை எந்த உருளையும் தொடக் கூடாது. முதுகுப் பக்கத்தைத்தான் தாங்க வேண்டும், அல்லது காற்றை ஊதி மிதக்கவிட வேண்டும். எல்லாம் இருட்டில். இழுவிசை கூடினால் சுருள் நீண்டுவிடும், குறைந்தால் உருளைமேல் வழுக்கிக் கீறல் விழும். காற்று வறண்டிருந்தால் இன்னொரு தொல்லை: சுருள் பிரியும்போது நிலைமின்சாரம் பொறியாகத் தெறித்து, கழுவிய படத்தில் கிளைகிளையாகக் கோடு காட்டும்.

இனி அந்த டான்சர். ஆடும் கையின் நுனியில் ஓர் உருளை, அதன் அடியில் வளைந்து போகிறது ஃபிலிம். இறுகினால் உருளை மேலே எழும், தொய்ந்தால் கீழே இறங்கும். கை எவ்வளவு சாய்ந்தது என்று பார்த்து மோட்டார் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். தொய்வை வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை என்பதால் தொய்வுதாங்கி என்கிறேன். சுமைதாங்கி, இடிதாங்கி என்று பழகிய நாக்குக்கு இது எளிது.

> குன்னூர் அம்மா எழுதியது:
> சுருளை எந்திரத்துக்குள் செலுத்தும் ஃபீடருக்கு ‘ஊட்டி’ போதாதா?

இலக்கணப்படி குறையே இல்லை அம்மா. ஆனால் இணையத்தில் தேடினால் ஓட்டல் அறையும் வர்க்கியும்தான் வரும்! ‘பட்டையூட்டி’ என்றால் தப்பிக்கலாம்.

ஃபிலிம் ஓடிய காலத்துத் தியேட்டர் ஆபரேட்டர்கள் ‘லூப்’ என்று சொன்னதையும் பட்டியலில் சேருங்கள். 35 மி.மீ. புரொஜெக்டரில் பல்சக்கரம் ஃபிலிமைச் சீராகத் தள்ளிக்கொண்டே இருக்கும். ‘கேட்’ எனப்படும், விளக்கொளி ஃபிலிமின் ஊடே பாயும் இடத்திலோ அது நொடிக்கு 24 முறை நின்று நின்று நகர வேண்டும், ஒவ்வொரு முறையும் நாலு துளை தூரம். ஓடுவதற்கும் நிற்பதற்கும் நடுவே கேட்டுக்கு மேலும் கீழும் கொஞ்சம் ஃபிலிமை வளைத்துத் தளர விடுவார்கள். அந்த வளைவு போய்விட்டால் துளைகள் கிழியும். இதற்கு ‘தொய்மடி’ என்று வைக்கிறேன். உருளையும் கையும் இல்லாமல் ஃபிலிமே செய்கிற வேலை என்பதால் ‘தாங்கி’ சேர்க்கவில்லை.

மொத்த அமைப்புக்கு ‘பட்டையோட்டி’ என்று வைக்கலாம். ஓட்டுநர் என்றால் இழுப்பவர் மட்டுமல்லவே, பிரேக்கும் அவர் காலில்தான்.

எந்திரத்தில் ஓடும் நீளச் சுருளை ஆங்கிலத்தில் ‘வெப்’ என்பார்கள். அது ஒன்றுதான் இடிக்கிறது. ‘வலை’ நிச்சயம் இல்லை. ‘பாவு’ ஆசைகாட்டுகிறது, ஆனால் நெசவில் அது நீளவாட்டு நூல் மட்டும். இப்போதைக்கு ‘ஓடுபட்டை’ என்று எழுதுகிறேன். தறி தெரிந்தவர்கள் குழுவில் இருந்தால் வேறு சொல் கொடுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.