'வார்ன்' வினைச்சொல்: அபவுட், ஆஃப், அகெய்ன்ஸ்ட், எது எப்போது? மேலாளருக்கு எழுதினால் மிரட்டல் ஆகிவிடுமா?

நடுநிசி_வாசகி

வணக்கம். 'வார்ன்' என்றால் எச்சரிப்பது என்று எல்லாருக்கும் தெரியும், அதில் சிக்கல் இல்லை. வாக்கியத்தில் வைக்கும்போதுதான் குழப்பம். செய்தியில் 'வார்ன்ட் ஆஃப்' என்று வருகிறது, பேச்சில் 'வார்ன்ட் மீ அபவுட்' என்கிறார்கள், மருந்துச் சீட்டுகளில் 'வார்ன் அகெய்ன்ஸ்ட்' பார்க்கிறேன். மூன்றும் ஒன்றுதானா? 'வார்ன்ட் மீ நாட் டு கோ' சரியா, 'வார்ன்ட் மீ ஃப்ரம் கோயிங்' சரியா? இரண்டையுமே எழுதுகிறார்கள்.

அடுத்த கேள்விதான் எனக்கு அவசரம். இப்போது இருக்கும் ஆட்களை வைத்துக்கொண்டு மாதக் கடைசிக்குள் வேலை முடியாது என்று மேலாளருக்கு முன்கூட்டியே மெயில் போட வேண்டும். 'ஐ வார்ன் யூ தட்...' என்று ஆரம்பித்தால் மிரட்டுகிற மாதிரி இருக்கிறது என்கிறார் பக்கத்து இருக்கைக்காரர். அகராதியில் பார்த்தால் 'வரப்போகும் ஆபத்தை முன்பே தெரிவித்தல்' என்றுதான் இருக்கிறது, நான் செய்யப்போவதும் அதுதானே? காஷன், அலர்ட், அட்மானிஷ் இதில் ஏதாவது ஒன்றை மாற்றிப் போட்டால் சரியாகிவிடுமா?

இலக்கணப்_பூனை

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன், மெயில் விஷயத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. வார்னுக்குப் பின்னால் ஆள் நேராக வர வேண்டும், நடுவில் 'டு' கிடையாது. 'ஹி வார்ன்ட் மீ' சரி, 'ஹி வார்ன்ட் டு மீ' தவறு. நாம் 'எனக்கு வார்னிங் கொடுத்தார்' என்று பேசிப் பழகியிருப்பதால் அந்த 'எனக்கு' உள்ளே புகுந்துவிடுகிறது. 'என்னை எச்சரித்தார்' என்று நினைத்துக்கொண்டு எழுதினால் வராது.

அபவுட் என்பது பொதுவானது. ஏற்கெனவே இருக்கிற ஒரு ஆள், ஒரு பொருள், ஒரு பழக்கம், அதைப்பற்றிக் கவனமாக இரு என்பதற்கு. 'ஷி வார்ன்ட் மீ அபவுட் ஹிம்', அவ்வளவுதான். ஒற்றை எஃப் ஆஃப் வந்தால் ஏதோ வரப்போகிறது என்று பொருள்: வெள்ளம், பற்றாக்குறை, தாமதம். செய்தி நடையில்தான் அது அதிகம். அகெய்ன்ஸ்ட் வந்தால் 'செய்யாதே' என்று அர்த்தம், பின்னால் 'இங்' போட்ட வினை வரும்: 'டாக்டர்ஸ் வார்ன் அகெய்ன்ஸ்ட் ஸ்டாப்பிங் தி மெடிசின்', மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. அகெய்ன்ஸ்டுக்குள்ளேயே 'வேண்டாம்' இருப்பதால் கூட ஒரு 'நாட்' சேர்த்தால் கதை தலைகீழாகிவிடும். 'வார்ன்ட் மீ அகெய்ன்ஸ்ட் நாட் கோயிங்' என்றால் 'போகாமல் இருந்துவிடாதே', அதாவது போ என்று ஆகிறது.

'வார்ன்ட் மீ நாட் டு கோ' சரி. 'டு நாட் கோ' பேச்சில் காதில் விழும், எழுத்தில் முந்தையதை வைத்துக்கொள்ளுங்கள். 'வார்ன்ட் மீ ஃப்ரம் கோயிங்' வேண்டாம். ஸ்டாப், ப்ரிவென்ட் இதற்கெல்லாம் ஃப்ரம் வருகிறது, அந்தப் பழக்கத்தில் இதற்கும் ஒட்டவைக்கிறார்கள். இரட்டை எஃப் 'வார்ன் ஆஃப்' என்று இன்னொன்று உண்டு, கிட்டே வராதே என்று விரட்டுவது, 'வார்ன்ட் தெம் ஆஃப்' என்று வரும். தமிழில் எழுதினால் இரண்டு ஆஃபும் ஒரே மாதிரி தெரிகிறது, அதற்கு நான் பொறுப்பில்லை.

'தட்' போட்டும் எழுதலாம். 'வார்ன்ட் மீ தட்...' என்பதில் ஆளைச் சொன்னாலும் சரி, 'சயின்டிஸ்ட்ஸ் வார்ன் தட்...' என்று ஆளே இல்லாமல் விட்டாலும் சரி. யாரை எச்சரித்தார்கள் என்று சொல்லாமல் எழுதக்கூடாது என்று பழைய பத்திரிகைக்காரர்கள் சிலர் பிடிவாதம் பிடித்தார்கள். இன்று தலைப்புகளைப் பார்த்தால் அந்தச் சண்டை முடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது தெரியும்.

மொழிபெயர்ப்புக்_கூலி

பக்கத்து இருக்கைக்காரர் சொன்னது சரி. ஆனால் ஏன் சரி என்பது அகராதியில் கிடைக்காது.

வரப்போகும் கெடுதல் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். 'இன்னும் பத்து நிமிடம் தாமதித்தால் ரயில் போய்விடும்' என்று நான் சொன்னால் அது எச்சரிக்கை, ரயில் என் கையில் இல்லை. 'இன்னும் பத்து நிமிடம் தாமதித்தால் உன்னை விட்டுவிட்டுப் போய்விடுவேன்' என்றால் வாக்கிய அமைப்பு அதேதான், ஆனால் மிரட்டல், ஏனென்றால் கெடுதலைச் செய்யப்போவது நானே. வார்ன் இரண்டுக்கும் பொருந்துகிற சொல். அதனால் படிக்கிறவர் மனம் உடனே இதைத்தான் தேடும்: இவர் நமக்கு நல்லது சொல்கிறாரா, இல்லை ஏதாவது செய்யப்போகிறாரா?

இப்போது உங்கள் மெயிலுக்கு வாருங்கள். வேலை முடிவதும் முடியாமல் போவதும் உங்கள் குழுவின் கையில் இருக்கிறது, குறைந்தது மேலாளர் அப்படித்தான் நினைப்பார். அந்த இடத்தில் 'ஐ வார்ன் யூ தட் தி வொர்க் வில் நாட் பி ஃபினிஷ்ட்' என்று எழுதினால், ஆள் தராவிட்டால் முடிக்கமாட்டோம், பார்த்துக்கொள் என்று காதில் விழும். நீங்கள் நினைக்காத அர்த்தம்தான், ஆனாலும் வாக்கியம் அதைச் சொல்லிவிடும்.

இன்னொன்று, 'ஐ வார்ன் யூ' என்று தன்மையில் நிகழ்காலத்தில் சொல்லும்போது சொல்வதே செயலாகிவிடுகிறது. 'ஐ ப்ராமிஸ்' என்று சொன்ன மாத்திரத்தில் வாக்குக் கொடுத்தாகிவிட்டது இல்லையா, அதே ரகம். 'ஹி வார்ன்ட் மீ' என்று பிறகு சொல்வது வெறும் தகவல், அதில் உறைப்பே இல்லை. 'ஐ அம் வார்னிங் யூ' என்றால் கடைசி வாய்ப்பு, பெரும்பாலும் கோபத்தோடு வரும். 'ஐ வார்ன்ட் யூ' என்றால் அப்போதே சொன்னேனே, கேட்டியா என்ற குத்தல், மேலாளருக்கு அதையும் எழுதாதீர்கள். ஆனால் 'ஐ ஷுட் வார்ன் யூ', 'ஐ மஸ்ட் வார்ன் யூ' என்று ஒரு சொல் முன்னால் வந்தால் அப்படியே குளிர்ந்துவிடுகிறது, சொல்லவேண்டியது என் கடமை என்ற தொனி வந்துவிடுகிறது. 'ஐ ஷுட் வார்ன் யூ, தி ஃப்ளோர் இஸ் வெட்' என்பதைக் கேட்டு யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

நமக்கு இது உறைக்காததற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் 'எச்சரிக்கை' ஒரு பெரிய குடை. நான் உங்களுக்குக் கொடுப்பதும் எச்சரிக்கை, நீங்கள் கவனமாக இருப்பதும் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் முதலாவதற்கு வார்னிங், இரண்டாவதற்கு காஷன் என்று பெரும்பாலும் பிரிந்துவிடும். போதாக்குறைக்கு நாம் கடன் வாங்கிய 'வார்ன் பண்ணிவிட்டார்' இருக்கிறதே, அது தமிழுக்குள் வந்ததும் சுருங்கிப்போய் 'அதட்டி அனுப்பினார்' என்ற அளவில் நின்றுவிட்டது. அந்தப் பொருள் ஆங்கிலத்திலும் உண்டு, 'லெட் ஆஃப் வித் எ வார்னிங்' என்பார்கள், ஆனால் அது ஒரு மூலைதான்.

மெயிலில் வார்னே வேண்டாம். 'ஐ வான்ட் டு ஃப்ளாக் எர்லி தட் வீ ஆர் அட் ரிஸ்க் ஆஃப் மிஸ்ஸிங் தி டெட்லைன்' என்று ஆரம்பித்து, காரணம் ஒரு வரி, என்ன தேவை என்று ஒரு வரி. நெருக்கமான மேலாளர் என்றால் 'ஜஸ்ட் எ ஹெட்ஸ்-அப்' போதும்.

மூன்றாம்_பதிப்பு

நான் இயந்திரக் கையேடுகள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் வார்னிங்கும் காஷனும் இஷ்டத்துக்கு மாற்றிப் போடுகிற சொற்கள் இல்லை, மாற்றினால் வம்பு. அமெரிக்கத் தரநிலை ஏஎன்எஸ்ஐ இசட்535 படி, தவிர்க்காவிட்டால் சாவோ கடுமையான காயமோ நிச்சயம் என்றால் 'டேஞ்சர்', சிவப்பு. நேரலாம் என்றால் 'வார்னிங்', ஆரஞ்சு. சிறிய அல்லது மிதமான காயம் நேரலாம் என்றால் 'காஷன்', மஞ்சள். ஆளுக்கு ஒன்றும் ஆகாது, பொருள்தான் கெடும் என்றால் 'நோட்டீஸ்', நீலம். ரசாயனப் பொருட்களுக்கான ஐ.நா.வின் ஜிஹெச்எஸ் முறையில் டேஞ்சர், வார்னிங் இரண்டே சொற்கள், அதில் வார்னிங் குறைந்த ஆபத்துக்கு. இதையெல்லாம் தமிழாக்கும்போது நாலுக்கும் 'எச்சரிக்கை' என்றே போட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் வயிறு எரியும்.

வானிலையில் இன்னொரு கூத்து. அமெரிக்க வானிலைச் சேவையில் 'வாட்ச்' என்றால் புயல் வரச் சூழ்நிலை இருக்கிறது, தயாராக இரு. 'வார்னிங்' என்றால் வந்துவிட்டது அல்லது வந்துகொண்டிருக்கிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போ. வார்ன் என்றால் முன்கூட்டிச் சொல்வது என்று மட்டும் புரிந்துவைத்திருப்பவர் அங்கே வாட்சைத்தான் வார்னிங் என்று நினைத்துக்கொள்வார். ஆனால் எழுதிய ப்ரோக்ராமைக் கணினிக்குப் புரிகிற வடிவுக்கு மாற்றும் கம்பைலர் காட்டும் வார்னிங் நேர் எதிர். எரர் வந்தால் ப்ரோக்ராம் உருவாகாது, வார்னிங் வந்தால் பொதுவாக உருவாகிவிடும், பிறகு உன் பாடு.

அரைக்கால்_புள்ளி

பூனையாருக்கு ஒரு திருத்தம். ஒற்றை எஃப் ஆஃப் செய்தி நடை என்றது கொஞ்சம் அதிகப்படி. 'வார்ன்ட் மீ ஆஃப் தி டேஞ்சர்ஸ்', 'வார்ன்ட் அஸ் ஆஃப் தி ரிஸ்க்' என்று சாதாரண எழுத்திலேயே தாராளமாக வருகிறது. டேஞ்சர், ரிஸ்க், கான்சிக்வென்சஸ் மாதிரி கெடுதலையே பெயராகக் கொண்ட சொல் வந்தால் ஆஃப் இயல்பாக உட்காரும். நாய், மனிதர், சாலை மாதிரி தன்னளவில் கெடுதல் இல்லாத பெயர் வந்தால் அபவுட். இப்படி வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பு வராது.

மாற்றுச் சொற்களை யாரும் தொடவில்லையே. அட்மானிஷ் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. அது பெரும்பாலும் நடந்துமுடிந்த தவறுக்குக் கண்டிப்பது, இடித்துரைப்பது. ஆசிரியர் மாணவரை, நீதிபதி வழக்கறிஞரைச் செய்வது, மேலிருந்து கீழே போவது. நீங்கள் மேலாளரை அட்மானிஷ் செய்தால் வார்ன் செய்ததைவிட மோசம். அதன் லத்தீன் வேர் 'மொனேரே', நினைவூட்டு, எச்சரி என்று பொருள். வகுப்பில் 'மானிட்டர்' இருக்கிறானே, அவனும் அதே வேரில் வந்தவன்தான்.

காஷனை வினையாகப் போட்டால் வார்னைவிட நிதானம், கொஞ்சம் சம்பிரதாயம். பொருளாதார நிபுணர்கள் 'காஷன்ட் அகெய்ன்ஸ்ட் ஆப்டிமிசம்' என்று வரும். கால்பந்தில் மஞ்சள் அட்டைக்கு விதிப்புத்தகத்தில் பெயர் காஷன்தான், அட்டையே 1970 மெக்ஸிகோ உலகக் கோப்பையில்தான் முதலில் வந்தது, அதற்கு முன்பும் நடுவர்கள் வாயால் காஷன் செய்துகொண்டுதான் இருந்தார்கள். இங்கிலாந்துப் போலீஸ் கைது செய்யும்போது 'நீங்கள் எதுவும் சொல்லவேண்டியதில்லை' என்று ஆரம்பித்துச் சொல்வதும் காஷன். அதுவே அமெரிக்காவில் 1966 மிராண்டா தீர்ப்புக்குப் பிறகு 'மிராண்டா வார்னிங்'. ஒரே வேலை, கடலைத் தாண்டினால் பெயர் மாறிவிடுகிறது.

அலர்டுக்குப் பின்னால் ஆள், அப்புறம் 'டு': 'அலர்டட் மீ டு தி ப்ராப்ளம்'. இது உங்கள் மெயிலுக்கு ஒத்துவரும், மிரட்டல் வாடை இல்லை. ஆனால் ஏதோ அலாரம் அடிக்கிற அவசரம் இருக்கும், மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால் ஃப்ளாக் போதும்.

காதுள்ள_கழுதை

எல்லாரும் 'வார்ன்' என்றே எழுதுகிறீர்கள், நானும் தலைப்போடு ஒத்துப்போக அப்படியே எழுதுகிறேன், ஆனால் வாயால் சொல்லும்போது அது 'வோர்ன்'. கிழிந்து தேய்ந்ததைச் சொல்லும் 'வோர்ன்' இருக்கிறதே, உடுத்து, தேய் என்று பொருள்படும் ஆங்கில 'வேர்' என்ற வினையின் பாஸ்ட் பார்டிசிபிள், இரண்டுக்கும் ஒரே ஒலி. டபிள்யூவுக்குப் பின் 'ஏ-ஆர்' வந்தால் பெரும்பாலும் இப்படித்தான்: வார், வார்ம், வார்டு என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் வோர், வோர்ம், வோர்ட். பார்ன், ஃபார்ம் மாதிரி நினைத்து வாயைத் திறக்கிறோம்.

சும்மா ஒரு உபரித் தகவல்: உணவின் மேல் அலங்காரமாகத் தூவுவதற்கு 'கார்னிஷ்' என்கிறார்களே, அதுவும் வார்னும் ஒரே ஜெர்மானிய வேர். பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததில் வ என்பது க ஆகிவிட்டது. வங்கிக்காரர்கள் 'கார்னிஷி ஆர்டர்' என்று ஒன்றைப் பார்த்திருப்பார்கள், கடனாளியின் கணக்கில் கை வைக்கக்கூடாது என்று மூன்றாம் ஆளுக்கு வரும் நீதிமன்ற உத்தரவு. அதில் மட்டும் பழைய 'எச்சரித்தல்' அர்த்தம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நடுநிசி_வாசகி

எல்லாருக்கும் நன்றி. யார் கையில் இருக்கிறது என்ற கணக்கு ரொம்பப் பிடித்தது. இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: 'ஐ வான்ட் டு ஃப்ளாக் எர்லி தட் வீ ஆர் அட் ரிஸ்க் ஆஃப் மிஸ்ஸிங் தி மன்த்-எண்ட் டெட்லைன். டூ ஆஃப் அஸ் ஆர் ஸ்டில் ஆன் தி அதர் ப்ராஜெக்ட். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல், அதர்வைஸ் வீ வில் நாட் பி ரெஸ்பான்சிபிள்.'

மொழிபெயர்ப்புக்_கூலி

முதல் இரண்டு வாக்கியம் பிரமாதம், தொடாதீர்கள். மூன்றாவதில் வார்னைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டீர்கள். 'அதர்வைஸ்' வந்தாலே நிபந்தனை, 'நாங்கள் பொறுப்பில்லை' வந்தால் சண்டை. 'டூ தி நீட்ஃபுல்' என்றால் அவர் என்ன செய்யவேண்டும் என்று அவரே ஊகிக்க வேண்டும். அந்த வரியை எடுத்துவிட்டு, 'இஃப் ஒன் ஆஃப் அஸ் குட் பி ஃப்ரீட் பை தி ஃபிஃப்டீன்த், வீ கேன் ஸ்டில் மேக் இட்' என்று போடுங்கள். தேதியை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.