அந்த 4 வாரம் யாருக்காக?

கத்திரிவெயில்: "காஸ்மெட்டிக் சர்ஜன் அழகுக்கு மட்டும் இல்ல, நோய் வராம தடுக்கறதுலயும் அவருக்குப் பெரிய பங்கு இருக்கு"ன்னு வானம்பாடி நேத்து எழுதினதப் படிச்சதுலேர்ந்து எரிச்சலா இருக்கு. மூக்கைத் திருத்தறவர் எந்த நோயைத் தடுத்தார்?

வானம்பாடி: ஆபரேஷனுக்கு முன்னாடி குறைஞ்சது 4 வாரம் சிகரெட்டை விடச் சொல்றாங்களே, அது என்னவாம்? பிபி, சுகர் பாக்கறாங்க, சில பேருக்கு சுகர் இருக்கறதே அப்பதான் தெரியவருது.

கத்திரிவெயில்: அந்த 4 வாரம் உங்க நுரையீரலுக்காக இல்லங்க. நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், ஃபேஸ்லிஃப்ட்ல தூக்கித் தைச்ச தோலுக்கு ரத்தம் போகாம கருத்துச் செத்துப்போகும், அந்தப் பயத்துலதான் விடச் சொல்றாங்க. புண் ஆறினப்புறம் திரும்பப் பத்த வைக்கறீங்களான்னு யார் கேக்கறா?

வானம்பாடி: எதுக்குச் சொன்னா என்ன, விட்டா நல்லதுதானே? எங்க அண்ணன் கண்ணிமை ஆபரேஷனுக்காக விட்டவர், 3 வருஷமா தொடல.

கத்திரிவெயில்: சன்ஸ்கிரீன் சண்டையிலயும் இதே அண்ணனத்தான் கூட்டிட்டு வந்தீங்க. நான் கேட்டது 4 வாரத்தைப் பத்தி.

ஈரமண்: மச்சத்தை ஏன் யாருமே பேசல? ஓரம் கோணலா, 6 மில்லிமீட்டருக்கு மேல, நிறம் மாறிட்டே இருக்கற மச்சத்தை லேசர்ல எரிச்சுட்டா பயாப்சிக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? மெலனோமாங்கற தோல் புற்றுநோயா இருந்தா தெரியாமலே போயிடும். எங்க அக்காவுக்கு ஒரு காஸ்மெட்டிக் சர்ஜன் எரிக்க மாட்டேன்னு சொல்லி வெட்டி அனுப்பினதாலதான் ஆரம்பத்துலயே தெரிஞ்சுது.

கத்திரிவெயில்: அது தோல் டாக்டர் வேலை. லைப்போசக்ஷன் பண்ணிக்கிட்டா சுகர் வராதுன்னு நம்பிப் போறவங்க இருக்காங்களே, அவங்களுக்கு யார் சொல்றது? எடுக்கறது தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு, குடலைச் சுத்தி இருக்கறது அப்படியேதான் கிடக்கும். 2004ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆய்வுல 15 பெண்களுக்கு ஆளுக்குச் சுமார் 10 கிலோ எடுத்தும் பிபியும் குறையல, இன்சுலின் வேலை செய்யறதும் மேம்படல.

வானம்பாடி: லைப்போசக்ஷன் பத்தி நான் ஒரு வார்த்தை எழுதினேனா? சொல்லாததுக்கெல்லாம் பதில் சொல்றதே உங்களுக்கு வழக்கமாப் போச்சு.

ஈரமண்: தோல் டாக்டர் வேலையா? கத்தி கையில இருக்கறவர் கண்ணை மூடிக்கணுமா? எங்க அக்கா இன்னைக்கு நடமாடறாங்க, அது சும்மாவா?

கத்திரிவெயில்: உங்க அக்கா நல்லா இருக்கட்டும். 5வது வாரம் சிகரெட்டைப் பத்தி யார் கேக்கறா? அதை மட்டும் சொல்லுங்க.

வானம்பாடி: அண்ணனை இப்பதான் கேட்டேன், 3 மாசம் கழிச்சும் டாக்டர் கேட்டாராம்.

கத்திரிவெயில்: மறுபடியும் அண்ணனா?

ஈரமண்: மச்சத்துக்கு இன்னும் பதில் வரல.