பழைய காசு ஆன்லைன்ல வாங்க நம்பிக்கையான இடம் எது? (ஒருவாட்டி ஏமாந்துட்டேன்)

அம்பத்தூர் பையன்:
எல்லாருக்கும் வணக்கம். காசு சேக்க ஆரம்பிச்சு ஒரு வருஷம்தான் ஆகுது. எங்க பாட்டி புதுக்கோட்டைக்காரங்க, அவங்க பொட்டியில கெடந்த அம்மன் காசு நாலு குடுத்தாங்க, ஒரு பக்கம் பிரகதாம்பாள், இன்னொரு பக்கம் தெலுங்குல விஜயன்னு இருக்கும்ல அது, அதுல புடிச்ச கிறுக்குதான் இது. போன மாசம் இன்ஸ்டாகிராம்ல ஒரு பேஜ்ல விக்டோரியா ராணி 1862 வெள்ளி ரூபா, ஒரிஜினல், 600 ரூபான்னு போட்டிருந்தான், ஜிபே பண்ணேன், வந்துச்சு, பாத்தா பளபளன்னு நேத்து அடிச்ச மாதிரி இருக்கு, ஃப்ரிட்ஜ் காந்தத்துல போய் ஒட்டிக்குது 😭 கேட்டா பிளாக் பண்ணிட்டான். பணம் கூட பரவால்ல, எந்த சைட்டை நம்பி வாங்குறதுன்னே தெரியல. ஒரு நல்ல ஜார்ஜ் மன்னர் படம் போட்ட ரூபாயும் ஒரு ராஜராஜன் காசும் வாங்கணும், அவ்ளோதான் இப்போதைக்கு. சென்னையில இருக்குறவங்க எங்க வாங்குறீங்க?

தங்கசாலை பெருசு:
தம்பி, எந்த சைட்டுன்னு கேக்குறதுக்கு முன்னாடி அந்த 600ஐ யோசிச்சுப் பாருங்க. விக்டோரியா ரூபா 11.66 கிராம், அதுல 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது பத்தரை கிராமுக்கு மேல சுத்த வெள்ளி. இன்னிக்கு நகைக்கடை ரேட்டால பெருக்குங்க. உருக்கி வித்தாலே 600க்கு மேல வருமே, அவன் எதுக்கு உங்களுக்கு அந்த விலைக்குத் தரப்போறான், உங்க மாமனா மச்சானா? வெள்ளிக் காசுல மொத கணக்கே இதுதான்.

ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கிடுங்க, ரெண்டு டெசிமல் காட்டுறது. அதுமேல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு ஜீரோ பண்ணிட்டு, காசை நூல்ல கட்டி தண்ணிக்குள்ள தொங்க விடணும், அடியிலயும் பக்கத்துலயும் படக்கூடாது. நல்ல ரூபான்னா 1.13 கிராம் பக்கத்துல காட்டும். பித்தளையிலயோ ஜெர்மன் சில்வர்லயோ (பேருலதான் சில்வர், வெள்ளியே கிடையாது) அதே எடைக்கு அடிச்சிருந்தா 1.3ஐ தாண்டிடும். என்கிட்ட வர்ற எல்லா ரூபாயும் இந்தத் தண்ணியில குளிச்சுட்டுதான் ஆல்பத்துக்குள்ள போகும். தேஞ்ச காசு எடை கொஞ்சம் கம்மியா இருக்கும், அதுக்கு பயப்பட வேணாம்.

காந்தத்தை மட்டும் நம்பாதீங்க. புலி போட்ட 1947 ரூபா நிக்கல், அது ஒரிஜினலே ஒட்டும். அப்புறம் ஆறாம் ஜார்ஜ் ரூபா 1940லேருந்து பாதி வெள்ளிதான், அதை ஃபுல் வெள்ளி விலைக்கு தள்ளி விடுவானுங்க. 1939 போட்டது ரொம்ப அரிது, அதனாலயே அதுலதான் போலி ஜாஸ்தி, நீங்க அந்தப் பக்கமே போகாதீங்க.

நெசப்பாக்கம் நாணயம்:
பெருசு சொன்னது கரெக்ட், ஆனா தம்பி கேட்டது இடம். நான் வாங்குறது ரெண்டு வழி. புது நினைவு நாணயம்னா அரசாங்க மின்ட்டோட சைட்டுலயே நேரா புக் பண்ணிடுவேன். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா நாலு நாணயசாலையும் ஒரே அரசு கம்பெனிதான், லேட்டா வரும், ஆனா போலிங்கற பேச்சே இல்ல. 2024 ஆகஸ்ட்ல கலைஞர் நூற்றாண்டு 100 ரூபா வந்துச்சே, அந்த மாதிரி காசெல்லாம் வெளியில டபுள் விலைக்கு விப்பாங்க, ஆசைப்பட்டு வாங்கிடாதீங்க, மின்ட்ல எப்ப தொறக்குதுன்னு காத்திருங்க.

பழசுன்னா ஏலம். பெங்களூரு மருதர் ஆர்ட்ஸ், மும்பை டோடிவாலா, ஆஸ்வால் இவங்கெல்லாம் கேட்டலாக் போட்டு ஏலம் விடுறவங்க, ஆன்லைன்லயே கேக்கலாம். ஒண்ணு மட்டும், கேட்ட விலையோட முடியாது, அதுக்கு மேல அவங்க பிரீமியம், ஜிஎஸ்டி, கூரியர் எல்லாம் சேரும், மொத வாட்டி பில்லைப் பாத்துட்டு எனக்கு வேர்த்துடுச்சு.

தங்கசாலை பெருசு:
ஒரு ஜார்ஜ் ரூபாய்க்கு ஏலமா? நல்லா இருக்கு. மூவாயிரத்துக்கு கீழ வாங்குறவனுக்கு ஏலம் கட்டுப்படி ஆகாதுய்யா, அது யானை வாங்குறவனுக்கு. தம்பி, ஏலக்காரங்க சைட்டை சும்மா பாக்குறதுக்கு வெச்சுக்குங்க, போன ஏலத்துல எது எவ்ளோக்கு போச்சுன்னு பாத்தா விலை கைக்கு வரும். அந்தப் படிப்பு ஃப்ரீ.

வைஷ்ணவி கா:
நான் பேங்க்ல வேலை பாக்குறேன், காசு பத்தி தெரியாது, என் வீட்டுக்காரருக்குத்தான் பைத்தியம் 😄 ஆனா ஒண்ணு சொல்லணும். அந்த பேஜ்காரனுக்கு அனுப்பின ஜிபே ஸ்க்ரீன்ஷாட், சாட் எல்லாம் வெச்சு சைபர் க்ரைம் நம்பர் 1930க்கு போன் பண்ணி புகார் குடுத்தீங்களா? உடனே பண்ணாத்தான் பணம் திரும்ப வர வாய்ப்பு, மாசம் ஆனாலும் பரவால்ல பண்ணி வைங்க, இன்னொருத்தர் தப்பிப்பாங்க. உங்களை மாதிரி வாங்கி ஏமாறுறவங்களை விட விக்கப் போய் ஏமாறுறவங்கதான் எங்க கவுன்டருக்கு ஜாஸ்தி வர்றாங்க. உங்க கிட்ட இருக்குற வைஷ்ணோ தேவி படம் போட்ட காசுக்கு பத்து லட்சம், ரிசர்வ் பேங்க்லேருந்து பேசுறோம், வரி மட்டும் மொதல்ல கட்டுங்கன்னு சொல்லுவான். ரிசர்வ் பேங்க் 2021லயே சொல்லிடுச்சு, பழைய காசு வாங்குறது விக்குறது எதுலயும் நாங்க இல்ல, யாருக்கும் அனுமதியும் குடுக்கலன்னு. ஒரு ரிட்டயர்ட் வாத்தியார் நாப்பதாயிரம் கட்டிட்டு வந்து எங்க முன்னாடி உக்காந்து அழுதாரு.

அம்பத்தூர் பையன்:
1930 இன்னிக்கே பண்றேன் அக்கா, நன்றி. பெரியவரே, தண்ணி டெஸ்ட் சூப்பர், ஆனா காசு கைக்கு வந்தப்புறம்தானே பண்ண முடியும்? வாங்குறதுக்கு முன்னாடி என்ன பண்றது. இன்னொண்ணு, ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818 ஈஸ்ட் இந்தியா கம்பெனி காசு ஒண்ணு ஒரு ஆப்ல பாத்தேன், 5000 சொல்றான், வாங்கலாமா?

தங்கசாலை பெருசு:
ஐயோ ராமா. அது கம்பெனிக்காரன் அடிச்ச காசே இல்ல தம்பி, பின்னாடி எவனோ பூஜைக்கும் வியாபாரத்துக்கும் அடிச்ச பித்தளை டோக்கன். சாமி போட்டு கம்பெனி அடிச்சதே இல்லையான்னா அடிச்சான், நம்ம மெட்ராஸ்ல அடிச்ச பகோடாங்கற காசுல சாமி உண்டு, மூணு சாமி பகோடான்னே பேரு. ஆனா அது தங்கம், கடுகு மாதிரி குட்டியா இருக்கும். அஞ்சாயிரத்துக்கு ஆப்ல வராது.

வாங்குறதுக்கு முன்னாடி ஆளைத்தான் பாக்கணும். தராசுல வெச்சு ஒரு போட்டோ, விளிம்பு தெரியுற மாதிரி ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. வார்ப்புல ஊத்தின போலின்னா விளிம்புல கோடு தெரியும், மேல ஊசி குத்தின மாதிரி ஓட்டை இருக்கும். போலின்னா திருப்பி எடுத்துப்பீங்களான்னு எழுத்துல கேளுங்க, அதுக்கு சுத்தி வளைச்சான்னா விட்டுடுங்க. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்க. எடை, அளவு எல்லாம் நுமிஸ்டாங்கற காசு கேட்டலாக் சைட்டுல இலவசமா பாக்கலாம்.

பல்லவன் பஸ்:
நான் சொல்றது என்னன்னா மொத பத்து காசை ஆன்லைன்லயே வாங்காதீங்க ப்ரோ. சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட்டுக்கு (85ல எரிஞ்சப்புறம் லில்லி பாண்ட் காம்ப்ளெக்ஸ்க்கு மாத்துனது) போங்க, அங்கயும் போலி உண்டு, ஆனா கையில வாங்கி உருட்டிப் பாக்கலாம். எழும்பூர் மியூசியத்துல நாணய கேலரி இருக்கு, ஒரிஜினல் எப்படி இருக்கும்னு கண்ணு பழகும். மெட்ராஸ் காயின் சொசைட்டி மாதிரி சங்கங்கள் கண்காட்சி வைக்கும்போது போங்க, நான் இப்ப ஆன்லைன்ல வாங்குற மூணு டீலரும் அங்க மேசை போட்டு உக்காந்து டீ வாங்கிக் குடுத்தவங்கதான். போன்ல காசு கேட்டா வாட்சப்ல போட்டோ, புடிக்கலன்னா ஒரு வாரத்துல ரிட்டர்ன். ராஜராஜன் செம்புக்காசு அங்க டப்பா டப்பாவா கெடக்கும், ஒரு பக்கம் நிக்குற ராஜா, மறுபக்கம் உக்காந்திருப்பாரு, நாகரியில ஸ்ரீராஜராஜன்னு இருக்கும், சில நூறுக்கு கெடைக்கும். ஆன்லைன்ல அதையே "அரிய சோழர் பொக்கிஷம்"னு பத்தாயிரத்துக்கு போடுறானுங்க.

நெசப்பாக்கம் நாணயம்:
டீக்கடை நட்பை விட கேட்டலாக் ரெக்கார்ட் பெட்டர்னு நான் இன்னும் சொல்லுவேன், அந்த மேசைக்காரர் ஒருத்தர்கிட்டதான் நான் தேச்சு பாலிஷ் போட்ட ரூபா வாங்குனேன். சரி, 3000க்கு கீழன்னா பெருசு சொல்றத ஒத்துக்குறேன்.

இன்னொண்ணு, 100 வருஷம் தாண்டுன காசு 1972 தொல்பொருள் சட்டத்துக்குள்ள வரும், வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. துபாய் பார்ட்டி டபுள் தர்றான்னு எவனாச்சும் வந்தா மாட்டிக்காதீங்க.

அம்பத்தூர் பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஞாயித்துக்கிழமை மூர் மார்க்கெட் போறேன், தராசும் ஆர்டர் போட்டாச்சு. நெசப்பாக்கம் அண்ணே, தேச்சு பாலிஷ் போட்டதுன்னு சொன்னீங்களே, அது தப்பா? பாட்டி குடுத்த அம்மன் காசு கருப்பா இருந்துச்சேன்னு போன வாரம் நாலையும் புளி போட்டு வெளக்கி வெச்சேன்...

தங்கசாலை பெருசு:
நாலையுமா?