2010 சிட்டி ஆட்டோமேட்டிக், கியர்பாக்ஸ் ஆயில வீட்லயே மாத்தலாமா?

அல்சூர்வாசி:
அப்பா ஓட்டிட்டிருந்த 2010 ஹோண்டா சிட்டி, 5 ஸ்பீட் ஆட்டோமேட்டிக், இப்ப என்கிட்ட இருக்கு, 1,18,000 கிமீ ஆச்சு. தினமும் பெங்களூர் சில்க் போர்டு ட்ராஃபிக் வழியாத்தான் ஆபீஸ், ஊர்ந்து ஊர்ந்தே போற வண்டி. ஒரு மாசமா ரெண்டுலேர்ந்து மூணுக்கு மாறும்போது லேசா இடிக்குது. அப்பா வச்சிருந்த பில்லெல்லாம் பாத்தேன், கியர்பாக்ஸ் ஆயில் மாத்துனதா ஒண்ணுலயும் இல்ல. தெருமுனை கராஜ்ல மெஷின் போட்டு பழைய ஆயில மொத்தமா தள்ளி வெளியேத்தி ஃப்ளஷ் பண்ணலாம்ங்கறாங்க, ஃப்ரெண்டு ஒருத்தன் பழைய ஆயில தொட்டா கியர்பாக்ஸே போயிடும்ங்கறான். எஞ்சின் ஆயில் நானே மாத்திப் பழக்கம். இதையும் பண்ணலாமா?

ஸ்பேனர்பையன்:
தாராளமா பண்ணலாம் ப்ரோ, ஃப்ளஷ் மட்டும் வேணாம். இறக்கி ஊத்துறதுதான் சரி. ஆயில் ஹோண்டாவோட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலான டிடபிள்யூ-1, வேற எதையும் கலக்காதீங்க. ஒரு தடவை இறக்குனா சுமார் 2.5 லிட்டர்தான் வரும், மிச்சம் டார்க் கன்வர்ட்டர்லயே (எஞ்சின் சுத்துறத ஆயில் வழியா கியர்பாக்ஸுக்குக் கடத்துற பாகம்) நின்னுடும், பாதி கூட மாறாது. அதனால இறக்கி ஊத்தி, கொஞ்ச நாள் ஓட்டி, மறுபடி இறக்கி, இப்படி மூணு தடவை பண்ணா முக்கால்வாசிக்கு மேல புதுசாயிடும்.
ப்ளக்க மாத்திக் கழட்டிடாதீங்க!! எஞ்சின் ஆயில் ப்ளக் 17 ஸ்பேனர் போல்ட்டு, கியர்பாக்ஸ் ப்ளக்ல சதுரமா குழி இருக்கும், 3/8 ராட்செட் நேரா உள்ள உக்காரும். புது வாஷர் போடுங்க. இறக்குனத அளந்து அதே அளவ கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக் (லெவல் பாக்குற கம்பி) ஓட்டை வழியா ஊத்துங்க, நீள ட்யூப் வச்ச ஃபனல் இல்லாம கஷ்டம். ஸ்டெப்னி ஜாக்கிய நம்பி மட்டும் அடியில படுக்காதீங்க, வண்டிய தாங்குற ஜாக் ஸ்டாண்ட் வைங்க.

கேஆர்புரம்_அண்ணா:
உங்க ஃப்ரெண்டு சொல்றது எங்கேர்ந்து வருதுன்னா தம்பி, ஏற்கனவே கிளட்ச் தேஞ்சு ஸ்லிப் ஆகுற வண்டியில கடைசி நேரத்துல ஆயில் மாத்துவாங்க, அடுத்த மாசம் வண்டி நின்னதும் பழி ஆயில் மேல. உங்களுது ஸ்லிப் ஆகுதா? ஆக்சிலரேட்டர் மிதிச்சா ஆர்பிஎம் மட்டும் ஏறி வண்டி நகராம நிக்குதா? ப்ளக்ல காந்தம் இருக்கும், அதுல சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருந்தா சாதாரண தேய்மானம். துண்டு துண்டா இரும்பு இருந்தாலோ, ஆயில்ல தீஞ்ச வாடை வந்தாலோ அங்கயே நிறுத்திட்டு நல்ல ஆளா பாத்து காட்டுங்க.
லெவல் பாக்குறப்ப வண்டி சமதளத்துல நிக்கணும், ரேடியேட்டர் ஃபேன் ஓடுற அளவு சூடு ஏறணும், எஞ்சின ஆஃப் பண்ணி 60லேர்ந்து 90 செகண்டுக்குள்ள டிப்ஸ்டிக்க எடுக்கணும். என் பழைய வண்டியில எஞ்சின் ஓடும்போதே பாத்து ரெண்டு மாசம் தப்பான லெவல்ல ஓட்டியிருக்கேன்.

அல்சூர்வாசி:
ஸ்லிப் இல்லண்ணா, இடி மட்டும்தான். ஜேசி ரோட்ல ஆயிலும் வாஷரும் வாங்கி ரெண்டு தடவை மாத்தியாச்சு, நடுவுல ஒரு வாரம் ஓட்டுனேன். முதல்ல வந்தது டிகாஷன் கலர், ரெண்டாவது கொஞ்சம் சிவப்பு தெரிஞ்சுது. காந்தத்துல மை மட்டும்தான், துண்டு எதுவும் இல்ல. இடி பாதிக்கு மேல குறைஞ்சிடுச்சு, அப்பாவ பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிக் காட்டுனேன், அவருக்கே வித்தியாசம் தெரிஞ்சுது. மூணாவது இந்த ஞாயித்துக்கிழமை. கழிவு ஆயில் 5 லிட்டர் கேன்ல இருக்கு, எங்க குடுக்கறது?

ஸ்பேனர்பையன்:
சாக்கடையில மட்டும் ஊத்திடாதீங்க, நம்ம ஏரிங்க இருக்குற நிலைமை தெரியும்ல. கழிவு ஆயில் சேத்து ரீசைக்கிளிங்குக்கு அனுப்புற சர்வீஸ் சென்டர்ல கேட்டுட்டு கேனோட குடுத்துடுங்க.