கொடைக் கச்சேரியில் கிடார் பிரிட்ஜ் தூக்கிவிட்டது, மைக்கில் ஷாக் வேறு: மேடைக்கு எந்தக் கிடார் எடுத்துப் போவது?

ஆறுகம்பி:

வணக்கம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் ஆறு மாதமாகக் கிடார் வாசிக்கிறேன். அதுவரை வீடு, சர்ச், இரண்டு கல்யாண ரிசப்ஷன், அவ்வளவுதான் என் அனுபவம். இந்த ஆடியில் மட்டும் பதினோரு கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரி, எல்லாம் திறந்தவெளி மேடை. இப்போது இரண்டு கிடாருமே படுத்துவிட்டன.

முதலில் அக்கூஸ்டிக். அப்பா வாங்கித் தந்தது, டாப் (மேல் பலகை) ஸாலிட் ஸ்ப்ரூஸ் மரம், ஏழு வருஷமாக ஒரு குறையும் வந்ததில்லை. போன வாரம் மதியமே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டோம். சாமான் எல்லாம் டாட்டா ஏஸில் தார்ப்பாய் போட்டு மூடி வெயிலில் நின்றது, நாங்கள் அன்னதானம் சாப்பிட்டுவிட்டுப் பந்தலிலேயே தூங்கிவிட்டோம். சாயங்காலம் பையைத் திறந்தால் கம்பி எல்லாம் நெக்கில் குறுக்கே பதித்த ஃபிரெட்டைவிட்டு எழும்பி நிற்கிறது, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தவே முடியவில்லை. அன்றைக்கு எப்படியோ சமாளித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், டாப்பில் ஒட்டிக் கம்பியைப் பிடித்திருக்கிற பிரிட்ஜுக்குப் பின்பக்கம் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறது. நெக்குக்குள் இருக்கிற டிரஸ் ராடைத் திருகினால் சரியாகுமா? ஃபெவிக்விக் இரண்டு சொட்டு விட்டால் போதும் என்கிறான் நண்பன்.

அடுத்தது எலக்ட்ரிக். அது குழுவுடைய கிடார், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி, சிங்கிள் காயில் பிக்கப் (கம்பி அதிர்வைக் கரண்டாக மாற்றுவது). மேடையில் ஒரே இரைச்சல். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், கோரஸ் பாட மைக்கில் வாயை வைத்தால் உதட்டில் சுரீர் என்று அடிக்கிறது. ஆனால் அக்கூஸ்டிக்கை மாட்டிக்கொண்டு அதே மைக்கில் பாடினால் ஒன்றும் ஆவதில்லை. குழுத் தலைவரைக் கேட்டால் "செருப்பு போட்டுட்டு வாசி தம்பி" என்கிறார். கோயில் மேடையில் செருப்போடு ஏறினால் ஷாக் அடிப்பதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் அடிப்பார்கள்.

கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. மேடைக்கென்று தனியாக ஒரு கிடார் வாங்கலாமா, என்ன மாதிரி வாங்கலாம்?

மரத்தூள்:

தம்பி, முதல் வேலையாகக் கம்பியைத் தளர்த்துங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். ஆறு கம்பியும் முறுக்கேறி இருக்கும்போது பிரிட்ஜை இழுக்கிற பாரம் சுமார் 70 கிலோ. பசை பாதி விட்ட பிரிட்ஜ் இன்னும் இரண்டு நாள் அப்படியே இருந்தால் டாப்பிலிருந்து மரத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும், அப்புறம் அது வேறு செலவு.

டிரஸ் ராடைத் தொடாதீர்கள். அது நெக்கின் வளைவுக்கு. உங்கள் கோளாறு நெக்கில் இல்லை. விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து அந்தக் கறுப்புக் கோட்டில் நுழைத்துப் பாருங்கள், எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று சொல்லுங்கள்.

ஃபெவிக்விக் வேண்டவே வேண்டாம். இப்படி என்னிடம் ரிப்பேருக்கு வருகிற கிடார்களில் பாதிக்குமேல் யாரோ ஏற்கெனவே ஃபெவிக்விக் விட்டவைதான். அது இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், மேலே வேறு எந்தப் பசையும் ஒட்டாது, அதைச் சுரண்டி எடுக்கிற வேலைதான் ஒட்டுகிற வேலையைவிடப் பெரிசு. முறையான வைத்தியம் இதுதான்: பிரிட்ஜைச் சூடு காட்டி முழுசாகக் கழற்றி, பழைய பசையை இரண்டு பக்கமும் மரம் தெரிகிறவரை சுத்தம் செய்து, மரப்பசை வைத்து, கிளாம்ப் போட்டு ஒரு நாள் முழுக்க விட வேண்டும். பழகிய கைக்கு இது பெரிய வேலை இல்லை, பழகாத கைக்கு டாப் போய்விடும்.

ஏன் இப்படி ஆனது என்றால், மூடிய வண்டிக்குள் நம் ஊர் வெயிலில் சூடு 60 டிகிரியைத் தொடும், அந்தச் சூட்டில் மரப்பசை இளக ஆரம்பிக்கும், கம்பி அதன் பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் தூங்கிய மூன்று மணி நேரம் தாராளமாகப் போதும். மேடையில் கிடார் உடைந்து நான் பார்த்தது குறைவு, வண்டியில் போனதுதான் அதிகம்.

பேட் மாமா:

இருபத்திரண்டு வருஷமாக ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் பேட் (எலக்ட்ரானிக் தாள வாத்தியம்) வாசிக்கிறேன். மரத்தூள் சொன்னதற்கு மேல் ஒன்று: வாத்தியக்காரன் சாப்பிடும்போது வாத்தியமும் நிழலில் இருக்க வேண்டும். எங்கள் குழுவில் வண்டி போய் நின்றதும் முதலில் இறங்குவது கீபோர்டும் கிடாரும்தான், ஸ்பீக்கர் பெட்டி வெயிலில் கிடந்தால் கிடக்கட்டும். கொடை நடக்கிற ஊரில் யார் வீட்டுத் திண்ணையைக் கேட்டாலும் "உள்ளே வைங்க" என்பார்கள்.

ராத்திரியில் இதற்கு நேர் எதிர். தை, மாசியில் கச்சேரி பன்னிரண்டு மணியைத் தாண்டினால் பனி இறங்கும், பேட் மேலே கை வைத்தால் ஈரம் தெரியும். பாட்டுக்கு நடுவே கிடாரைச் சும்மா ஸ்டாண்டில் நிறுத்தாமல் ஒரு துண்டைப் போர்த்தி வையுங்கள். ஏசி வண்டியிலிருந்து இறக்கிய கீபோர்டை உடனே ஆன் செய்யக் கூடாது, குளிர்ந்த சாமான் மேல் வெளிக்காற்று பட்டதும் உள்ளேயே வியர்க்கும். அரை மணி நேரம் பையைத் திறக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள், அதற்குள் ஒரு டீ குடிக்கலாம்.

உங்கள் ஊரில் உப்புக்காற்று வேறு. வாசித்து முடித்ததும் கம்பியைக் காய்ந்த துணியால் மேலேயும் கீழேயும் துடைக்க வேண்டும், எவ்வளவு அசதியாக இருந்தாலும் சரி. எலிக்ஸர் மாதிரி பூச்சு உள்ள கம்பி விலை அதிகம்தான், ஆனால் கடலோரத்தில் அந்தக் காசு திரும்பி வந்துவிடும் என்று எங்கள் கிடார்காரர் சொல்வார்.

சவுண்ட் சர்வீஸ்:

கிடார் எல்லாம் இருக்கட்டும், அந்த ஷாக்கை யாரும் பேசவில்லையே. தம்பி, அதைச் சரிசெய்யாமல் அடுத்த மேடை ஏறாதீர்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1972இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸி நகரில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார்காரர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே செத்துப்போனார். செருப்பு போடச் சொன்ன உங்கள் தலைவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

அக்கூஸ்டிக்கில் அடிக்கவில்லை, எலக்ட்ரிக்கில் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. அக்கூஸ்டிக் நேராக மிக்சருக்குத்தானே போகிறது? மைக்கும் அதே மிக்சர். இரண்டுக்கும் ஒரே எர்த். எலக்ட்ரிக்கோ உங்கள் ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபயருக்கு) போகிறது. எலக்ட்ரிக் கிடாரில் கம்பியும் பிரிட்ஜும் உள்ளே ஒரு ஒயர் வழியாக ஆம்பின் பாடியோடு சேர்ந்திருக்கும். ஆம்ப் ஒரு பிளக்கில், மிக்சர் இன்னொரு பிளக்கில், இரண்டில் ஒன்றுக்கு எர்த் இல்லை என்றால் நடுவில் நிற்கிற நீங்கள்தான் ஒயர். கை கம்பியில், வாய் மைக்கில்.

இப்படிப் பாருங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிடார் கம்பியிலும் இன்னொரு முனையை மைக்கின் இரும்பு வலையிலும் வையுங்கள். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்றால் பயமில்லை. நாற்பது, எண்பது என்று காட்டினால் கேபிளைக் கழற்றிவிட்டு ஆம்ப் எந்தப் பாக்ஸில் சொருகியிருக்கிறது என்று தேடுங்கள். அது சும்மா கசிவா, நிஜக் கோளாறா என்று மேடையில் நின்று ஆராய வேண்டாம். மைக்குக்கு ஒரு ஸ்பாஞ்சு மூடி போட்டால் உதட்டில் அடிக்காது, ஆனால் வியர்வையிலும் மழையிலும் அது நனைந்தால் பிரயோஜனம் இல்லை, அதை நம்பிப் பாடாதீர்கள்.

நிரந்தரமாக வேண்டும் என்றால், ஆம்ப், கீபோர்டு, மிக்சர் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும். சீரியல் செட் போடுகிறவர் லைனில் சொருகவே கூடாது, உங்கள் இரைச்சலில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. எர்த் பின் இல்லாத பிளக் எதையும் மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று, கிடாரைவிட இது கீபோர்டுக்காரருக்கு. ஜெனரேட்டர் மூன்று ஃபேஸ் என்றால் நியூட்ரல் ஒயர் இறுக்கமாக இருக்கிறதா என்று ஓட்டுகிறவரிடம் கேளுங்கள். அது கழன்றால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400க்குப் பக்கமாக வரும். எனக்கே ஒரு கொடையில் அப்படி ஆகி மிக்சர், இரண்டு அடாப்டர், ஒரு கீபோர்டு எல்லாம் ஒரே நொடியில் புகைந்தன. வில்லுப்பாட்டு செட் மட்டும் தப்பித்தது, பேட்டரி ஆம்ப் வைத்திருந்தார்கள்! அன்றிலிருந்து மீட்டர் வைத்துப் பார்க்காமல் நான் எதையும் சொருகுவதில்லை. அதிக வோல்டேஜ் வந்தால் தானே துண்டிக்கிற கட்‌ஆஃப் ஒன்றும் இப்போது என் மெயின் பாக்ஸில் இருக்கிறது.

ஆறுகம்பி:

ரொம்ப நன்றி. விசிட்டிங் கார்டு கால் அங்குலத்துக்கும் மேலே உள்ளே போகிறது. கம்பியைத் தளர்த்திவிட்டேன். மல்டிமீட்டர் கடன் வாங்கியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ரிகர்சலில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அப்புறம் எந்தக் கிடார் வாங்குவது என்று யாரும் சொல்லவில்லையே?

மரத்தூள்:

கால் அங்குலம் என்றால் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகு அந்தக் கிடாரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஸாலிட் டாப் என்பது ஒற்றைப் பலகை, நாதம் நன்றாக வரும், ஆனால் ஈரத்துக்கும் சூட்டுக்கும் உப்பும், சுருங்கும். அது 45இலிருந்து 55 சதவீத ஈரப்பதத்தை விரும்புகிற சாமான். தூத்துக்குடியில் அதை எங்கே போய்த் தேடுவது?

மேடைக்கு பிளை டாப் போதும், பிளைதான் நல்லது என்றே சொல்வேன். இதைச் சொன்னால் கடையில் சிரிப்பார்கள். இரண்டு மூன்று அடுக்கு குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது அவ்வளவு லேசில் அசையாது. வாசிக்கிறவர் பக்கம் திருப்பி வைத்த நாலு மானிட்டர் ஸ்பீக்கர், டிரம்ஸ், பேட், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவில் பிக்கப் வழியாகப் போகிற ஒலியில் ஸாலிட், பிளை என்று எவன் காது பிரிக்கப் போகிறது? அதோடு ஸாலிட் டாப் நன்றாக அதிர்கிறது என்பதே மேடையில் வினை, மானிட்டர் சத்தத்துக்கு அதுவும் சேர்ந்து அதிர்ந்து ஊ என்று கூவும்.

உடம்பு மெல்லியதாக, கட்-அவே (மேல் ஃபிரெட்டுக்குக் கை எட்ட உடம்பில் வெட்டிய வளைவு) இருப்பதாக, பிக்கப் உள்ளேயே உள்ளதாகப் பாருங்கள். யமஹா ஏ.பி.எக்ஸ் 600 அந்த ஜாதி, உள்ளேயே டியூனரும் உண்டு. விலை கடைக்குக் கடை மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது காதைவிடக் கையை நம்புங்கள்: ஒவ்வொரு ஃபிரெட்டிலும் அழுத்திப் பார்த்து, உட்கார்ந்து அல்ல, வாரை மாட்டி நின்றுகொண்டு பத்து நிமிஷம் வாசியுங்கள். ஜாக் சொருகும் இடம் ஆடுகிறதா என்று பாருங்கள், மேடையில் முதலில் போவது அதுதான். பேட்டரிக் கதவு எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள், இருட்டில் மாற்ற வேண்டி வரும்.

பிடில் அக்கா:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் வயலின், ஆனால் பெட்டி விஷயம் எல்லாருக்கும் ஒன்றுதானே. 25,000 முழுவதையும் கிடாரிலேயே போட்டுவிடாதே தம்பி. கிடாருக்கு 20,000 என்றால் மிச்சத்தைப் பெட்டிக்கு எடுத்து வை. கடையில் சும்மா தருகிற மெல்லிய பை மழைக்கோட்டு மாதிரிதான், அடி தாங்காது. சாமானோடு சாமானாக ஏற்றுவதாக இருந்தால் ஹார்டு கேஸ், மடியில் வைத்துக்கொண்டு போவதாக இருந்தால் தடிமனான ஃபோம் பை போதும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போடு, நிறம் மாறினால் மாற்று. பெட்டி மேல் பெரிய எழுத்தில் உன் பெயரையும் போன் நம்பரையும் ஒட்டு. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சாமான் ஏற்றும்போது என் வயலின் ஒரு தடவை பந்தல்காரர் லாரியில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆறுகம்பி:

ரிகர்சலில் பார்த்தாயிற்று. கம்பிக்கும் மைக்குக்கும் நடுவில் 94 வோல்ட்! தலைவர் மீட்டரை வாங்கி இரண்டு தடவை தானே வைத்துப் பார்த்தார். ஆம்ப் சொருகுகிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், எங்கேயோ ஒரு ஊரில் இரண்டு ஓட்டை பிளக் பாயிண்டுக்காக எர்த் பின்னை யாரோ அறுத்து எடுத்திருக்கிறார்கள், குழுவில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. புது பிளக் மாட்டி, ஆம்பையும் மிக்சர் பாக்ஸுக்கே கொண்டுபோனோம். இப்போது ஒரு வோல்ட்டுக்கும் கீழே. இரைச்சல் பாதி போய்விட்டது, மீதி நான் ஆம்பைவிட்டுத் திரும்பி நின்றால் குறைகிறது, முன்னால் வந்தால் கூடுகிறது.

சவுண்ட் சர்வீஸ்:

அந்த மீதி சிங்கிள் காயிலுக்கே உள்ள குணம், அது எர்த்தால் போகாது. ஆம்பை விட்டுத் தள்ளி நில்லுங்கள், வாசிக்காதபோது வால்யூமைக் குறையுங்கள். பின்னால் கிடார் மாற்றும்போது ஹம்பக்கர் (இரட்டைக் காயிலால் இரைச்சலை அடக்குகிற பிக்கப்) போட்டதாகப் பாருங்கள். அறுத்த பழைய பிளக்கை என்ன செய்தீர்கள்?

ஆறுகம்பி:

டூல் பாக்ஸில் கிடக்கிறது அண்ணா.

சவுண்ட் சர்வீஸ்:

தூக்கிப் போடுங்கள். எவனாவது திரும்ப மாட்டுவான்.