பிளாஸ்மா அடிச்ச கார்பன் தகட்டில தண்ணி பரவுது, ஒட்டு மட்டும் உரியுது

உப்புவெளிப் பட்டறை:
வணக்கம். படகுச் சுக்கானுக்கு 3 மி.மீ. கார்பன் எபொக்சித் தகடு, அதுக்கு மேல கார்பன் விலா ஒட்டுறம். தகட்டை 400 நம்பர் சாண்ட் பேப்பரால லேசாத் தேச்சு, ஐசோபுரொப்பைல் அற்ககோலால துடைச்சு, கைப் பிளாஸ்மாவை (மின்னேத்தின காத்தைப் பீச்சி முகத்தைத் துப்புரவாக்கிற கைக்கருவி) 10 மி.மீ. தூரத்தில பிடிச்சு அடிக்கிறம். அடிக்க முன்னம் தண்ணித்துளி மணியா நிக்கும். அடிச்சாப் பிறகு படலமா விரியுது, 72 டைன் மையும் (முகத்தில பரவுதோ எண்டு பாக்கிற சோதனை மை) சுருங்கேல்லை. ஆனா பசை இறுகினாப் பிறகு உளி கொடுத்தா முழுசாக் கழருது. பசை அவ்வளவும் விலாவில, தகடு பளபளப்பா வெறுமையா இருக்கு. பிளாஸ்மா நேரத்தைக் கூட்டவோ?

ரெசின்கை:
கூட்டாதேங்கோ. கனக்க அடிச்சா ரெசினின்ர மேல்தோல் சிதைஞ்சு வலுவில்லாத தூள் படையா மாறும், ஒட்டு அதிலயே கழரும். தகடு வார்த்த மோல்டுக்கு என்ன பூசினீங்கள்? பீல் பிளை (வார்க்கேக்க மேல போட்டு, ஒட்ட முன்னம் உரிச்செடுக்கிற துணி) போட்டதோ? பிளாஸ்மாவுக்குக் கொம்பிரசர் காத்தோ? ஒட்ட முன்னம் தகடு எங்க இருந்தது?

உப்புவெளிப் பட்டறை:
கண்ணாடிப் பலகையில வார்த்தது, சிலிக்கோன் ஸ்பிரே. பீல் பிளை இல்லை. கொம்பிரசர் இல்லை, உள்ள விசிறிதான். தகடு 22 பாகை ஏசி அறையில இருக்கும், ஒட்டுறது வெளிக்கொட்டிலில.

ரெசின்கை:
அப்ப முதல் சந்தேகம் சிலிக்கோன்தான். பிளாஸ்மா மெல்லிய எண்ணெய் அழுக்கை எரிச்சுப் போடும், ரெசின் முகத்தில ஒக்சிசன் உள்ள தொகுதிகளை உண்டாக்கும். சிலிக்கோனை அப்பிடி ஆவியாக்கேலாது. அதின்ர மெதைல் தொகுதிகள்தான் போகும், சிலிக்கனும் ஒக்சிசனும் சேர்ந்த கண்ணாடித்தோல் ஒண்டு மிஞ்சும். தண்ணியும் டைன் மையும் அதில வடிவாப் பரவும், பசையும் அதைப் பிடிக்கும். அந்தத் தோலுக்கும் தகட்டுக்கும் நடுவில எரியாத சிலிக்கோன் கிடக்குதே, கழருறது அங்க. துளிச் சோதனையை மட்டும் நம்பினா இதுதான் கதை.

உறுதிப்படுத்த, பிளாஸ்மா அடிச்ச துண்டொண்டைத் தூசி படாமல் ஒரு நாள் மூடி வச்சுத் திரும்பத் துளி விடுங்கோ. எந்தப் பிளாஸ்மா முகமும் நாளாக நாளாகக் கொஞ்சம் மங்கும். ஒரு நாளிலயே பழையபடி மணியா எழும்பினா அடியில கிடக்கிற சிலிக்கோன் மேல வருது.

ஐசோபுரொப்பைல் அற்ககோல் சிலிக்கோனைக் கரைக்காது, இழுத்துப் பூசித்தான் விடும். ஹெப்டேன் நனைச்ச நூல் உதிராத துணியால ஒரே திசையில துடைச்சு, காய முன்னம் உலர்ந்த துணியால எடுங்கோ. துணியை அடிக்கடி மாத்த வேணும். துடைச்சாப் பிறகுதான் தேய்ப்பு, இல்லாட்டி சிலிக்கோனைக் கீறலுக்குள்ள தேச்சு இறக்கிறதாப் போகும். 180 நம்பர், பளபளப்பு ஒரு புள்ளியும் மிஞ்சக்கூடாது. தூள் கறுத்தால் நாரைத் தொட்டிட்டீங்கள், நிப்பாட்டுங்கோ. பிறகு திரும்பத் துடைப்பு, கடைசியில பிளாஸ்மா. ஹெப்டேன் முழுக்கப் பறக்க முன்னம் பிளாஸ்மாவைக் கிட்டக் கொண்டுபோனால் தீப்பிடிக்கும். தகட்டின்ர வெட்டு ஓரத்தில நார் தெரியுமெண்டால் பொறி தாவும், கார்பன் மின்கடத்தி.

கொட்டியாரம்:
ஏசி அறையையும் பாருங்கோ. வெளியில 30 பாகை, ஈரப்பதன் 80 வீதமெண்டால் பனிநிலை, அதாவது காத்தில உள்ள ஈரம் படியத் தொடங்கிற சூடு, 26 பாகை. 22 பாகைத் தகட்டை வெளியில எடுத்த உடனே கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். மாரியில இன்னும் மோசம். அறைக்குள்ளயே ஒட்டுங்கோ, இல்லாட்டிப் பையில சீல் பண்ணி வெளிச்சூடு ஏறினாப் பிறகு பிரியுங்கோ. தகட்டின்ர மேல்பக்கம் ஈரக்காத்தில இறுகியிருந்தா மெழுகு மாதிரி அமீன் படிவும் (எபொக்சியை இறுக்கிற அமீன் ஈரக்காத்தோட சேர்ந்து மேல படியிறது) இருக்கும். அது கரைப்பானுக்கு ஒழுங்காப் போகாது, இளஞ்சூட்டுத் தண்ணியும் தேய்ப்புத் துணியும் வேணும், எல்லாத்துக்கும் முதல்.

உப்புவெளிப் பட்டறை:
துளி மறுநாளே மணியா எழும்பிட்டுது. சொன்ன ஒழுங்கில ஹெப்டேன், 180 நம்பர் செய்த துண்டை, பிளாஸ்மா இல்லாமலே ஒட்டி உளி கொடுத்தால் உடைப்பு பசைக்குள்ளயும் மேல் நாருக்குள்ளயும் போகுது. அப்ப பிளாஸ்மா தேவையோ?

ரெசின்கை:
காய்ஞ்ச ஒட்டில வித்தியாசம் தெரியாது. சுக்கான் உப்புத்தண்ணியில கிடக்கிறது. பிளாஸ்மா அடிச்ச துண்டு, அடிக்காத துண்டு இரண்டையும் ஒட்டி, ஒட்டுக்கோட்டில ஆப்பு இறுக்கி, விரிசல் நுனியில கோடு போட்டு, 50 பாகை உப்புத்தண்ணியில ஒரு வாரம் வையுங்கோ. அடிக்காததில விரிசல் தகட்டு முகத்தோட ஊர்ந்து நீண்டால் பிளாஸ்மா வேணும். அடிச்சால் வெறுங்கை படாமல் அண்டைக்கே ஒட்டுங்கோ.